ஆமினா பீவி சொன்ன அடையாளம்

சிங்கப்பூரில் சுண்ணாம்புக் கம்பம் என்ற சூளை வட்டாரத்தில் கிளிஞ்சல் மேட்டை வெட்டிக்கொண்டிருந்த ஆட்களின் மண்வெட்டியில் மனிதத் தலை ஒன்று தட்டுப்பட்டது. அந்தச் செய்தி டன்லப் தெருவுக்கு வந்தபோது ஆமினா பீவி அம்மியில் மல்லி அரைத்துக்கொண்டிருந்தாள். அவள் பதறவில்லை. குழவியை நிறுத்தி வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, சொல்ல வந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“தலையில தங்கப் பல்லு இருக்காமா?”

பக்கத்து வீட்டுக்காரிக்கு அது தெரியாது. ஆனால் இப்படி ஒரு கேள்வி கேட்டாள் என்பதை மாலைக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

1909ஆம் வருஷம் அது. சிராங்கூன் ரோட்டின் இரு பக்கமும் அன்றைக்கு மாட்டுத் தொழுவங்கள்தான். கோயிலைத் தாண்டினால் சுண்ணாம்புச் சூளைகள். கடலிலிருந்து வண்டி வண்டியாகக் கிளிஞ்சல் வந்து குவியும். ஆமினா பீவி சிங்கப்பூரிலேயே பிறந்தவள். அவளுடைய வாப்பா நாகூர்க்காரர், உம்மா மலாக்காவில் வளர்ந்தவள். தமிழும் மலாயும் அவள் வாயில் ஒன்றாகவே வரும். பிள்ளைகள் தங்கவில்லை. சோற்றுக் கடைகளுக்கும் பெரிய வீடுகளுக்கும் மசாலா அரைத்துக் கொடுப்பது முதலில் பொழுதுபோக்காகத்தான் இருந்தது. புருஷன் காணாமல் போன பிறகு அதுவே பிழைப்பாகிவிட்டது.

புருஷன் நெய்னா முகம்மது மாட்டுத் தரகர். மலாயாவில் மூவாருக்கும் ஜொகூருக்கும் போய் மாடும் எருமையும் பிடித்து வந்து இங்கே விற்பார். நல்ல உயரம், உடுத்துவதில் ஆசை. மேல்வரிசையில் இடது பக்கத்துக் கோரைப்பல் சொத்தையாகிப் பாதி ஒடிந்து கறுத்துப்போனபோது, சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஒரு சீனப் பல் வைத்தியரிடம் போய் அந்த இடத்தில் தங்கம் வைத்துக்கொண்டார். அதன் பிறகு அவர் சிரிப்பே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

அவரோடு கூட்டாளி ஒலி முகம்மது. அதிகம் பேசாதவர். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் முன் கீழே பார்ப்பது அவர் வழக்கம். இன்னொரு ஆள் அஸ்மத். கிராஞ்சிக் கரையில் இறங்கும் மாடுகளைப் புக்கிட் பாஞ்சாங் வழியாக நடத்திக்கொண்டு வந்து தொழுவத்தில் சேர்ப்பது அவன் வேலை. நெய்னாவைவிட இரண்டு மூன்று வயதுதான் இளையவன். ஆனாலும் எல்லாவற்றிலும் நெய்னாவைப் பார்த்துத்தான் செய்வான். நெய்னா மீசையை எடுத்தால் இவனும் எடுப்பான். நெய்னா தங்கப் பல் வைத்தபோது, அதே இடத்தில் இருந்த தன்னுடைய நல்ல பல்லின் மேலேயே தங்கத் தகடு போட்டுக்கொண்டு வந்து நின்று சிரித்தான். மந்தையைச் சேர்த்துவிட்டு வரும் நாளெல்லாம் ஆமினா வீட்டின் பின்வாசலில்தான் அவனுக்குச் சோறு.

ஒரு தடவை மூவரும் மூவாருக்குப் போனார்கள். மந்தையோடு ஒலியும் அஸ்மத்தும் திரும்பினார்கள். நெய்னா வரவில்லை.

“இன்னும் கொஞ்சம் எருமை பாக்கணும்னு மூவார்ல நின்னுட்டாரு லாத்தா. அடுத்த கப்பல்ல வந்துருவாரு” என்றார் ஒலி. அவளை அக்காள் முறை வைத்து லாத்தா என்றுதான் கூப்பிடுவார்.

அடுத்த கப்பல் வந்தது. அதற்கு அடுத்ததும் வந்தது. ஆமினா தொழுவத்துக்கே போய்க் கேட்டாள். ஒலி கீழே பார்த்தார்.

“பினாங்குக்குப் போறேன்னு சொன்னாரு லாத்தா.”

“மூவார்ல நிக்கிறாருன்னு சொன்னீங்களே தம்பி?”

“மூவார்லேருந்துதான் பினாங்கு போனாரு.”

அன்றைக்கு விழுந்த சந்தேகம் பிறகு நீங்கவில்லை. ஒலி டன்லப் தெரு வழியாகப் பள்ளிவாசலுக்குப் போவதை விட்டுவிட்டு வேறு வழியாகச் சுற்றிப் போனதை அவள் கவனித்தாள். பெருநாளைக்கு அவள் அனுப்பிய பலகாரத்தை அவர் தொடாமல் திருப்பி அனுப்பியதை மனதில் வைத்துக்கொண்டாள். நெய்னாவின் பங்கையும் சேர்த்து அவரே வியாபாரம் பார்ப்பதை ஊரே பார்த்தது. ஆமினாவின் அண்ணன் சேக் தாவூதுக்கு அராப் ஸ்திரீட்டில் கைலிக் கடை. அவர் வாய்விட்டே சொன்னார்: “முடிச்சுட்டான். எங்கேயோ போட்டுப் புதைச்சுட்டான்.”

அஸ்மத்தும் அதன் பிறகு தென்படவில்லை. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுபடி மூவாருக்குப் போயிருப்பான், அல்லது ஊருக்குக் கப்பலேறியிருப்பான் என்று நினைத்தார்கள். ஆமினாவும் அப்படியே நினைத்தாள்.

ஒன்றரை வருஷம் இப்படிக் கழிந்த பிறகுதான் கிளிஞ்சல் மேட்டில் அந்தத் தலை அகப்பட்டது. போலீசிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டபோது ஆமினா அண்ணனோடு போனாள். வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் மேசைமேல் ஒரு துணியை விரித்து வைத்திருந்தார். அதில் மண் ஒட்டிய பச்சை நிற இடுப்பு வார் ஒன்று. பக்கத்தில் மண்டையோடு. கீழ்த்தாடை இல்லை. மேல்வரிசையில் இடது பக்கம் தங்கம் மின்னியது.

ஆமினா தங்கத்தைப் பார்த்தாள். பிறகு வாரை எடுத்துத் திருப்பினாள். அதிலிருந்த காசுப் பை பிய்ந்துபோன இடத்தில் சிவப்பு நூலால் போட்ட தையல் இருந்தது. அவளே போட்ட தையல்.

“அவருதான்” என்றாள்.

அன்று பிற்பகலே ஒலியைத் தொழுவத்திலிருந்து பிடித்துக்கொண்டு போனார்கள். போலீசில் அவர் ஒரு கதை சொன்னாராம். நெய்னா சாகவில்லை, மூவாரில் எருமை வியாபாரி ஒருவரின் மகளை நிக்காஹ் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டார், வீட்டில் சொல்லக் கூடாது என்று தன்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார் என்று. மூவாருக்குத் தந்தி போயிற்று. அந்தப் பேரில் ஆள் யாரும் இல்லை என்று பதில் வந்தது. இதையெல்லாம் சேக் தாவூது கேட்டுக்கொண்டு வந்து தங்கச்சியிடம் சொன்னார்.

ஒலி இதுவரை சொன்னதை ஆமினா எண்ணிப் பார்த்தாள். அவள் கேட்டது இரண்டு பொய். இது மூன்றாவது, முதல் இரண்டையும்விடக் கேவலமானது.

“கொன்னதும் போதாதுன்னு மையத்து மேலயும் சேறு வாரிப் பூசுறானா? தூக்குல தொங்கட்டும் நானா.”

வெள்ளை உடுத்திக்கொண்டு, புருஷனை இழந்தவர்கள் இருக்கும் இத்தாவில் உட்கார்ந்தாள். தெருப் பெண்கள் வந்து யாசீன் ஓதினார்கள். புருஷன் எங்கே போனான் என்று இத்தனை நாள் பின்னால் பேசியவர்கள் இப்போது அவள் கையைப் பிடித்து அழுதார்கள். சொல்லப்போனால் அந்த நாட்களில் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. விட்டுவிட்டுப் போகவில்லை, செத்துத்தான் போயிருக்கிறார்.

ஆனால் அடக்கம் செய்ய மையத்தைக் கொடுக்க மாட்டோம் என்றார்கள். சிப்பாய் லைன்ஸ் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர், இன்னும் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொண்டார். பிறகு ஆமினாவையே வரச் சொல்லி ஆள் அனுப்பினார். சேக் தாவூதுக்குக் கோபம் வந்துவிட்டது.

“இத்தாவுல இருக்குற பொம்பளைய ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுறானே, இவனுக்கு என்ன சந்தேகம்?”

சர்க்கார் உத்தரவு என்று போலீஸ்காரர் சொன்னதும் வேறு வழி இருக்கவில்லை. ரிக்ஷாவில் ஏறும்போது அண்ணன் தணிந்த குரலில் சொன்னார்: “தங்கப் பல்லு, வாரு. இத ரெண்டையும் மட்டும் சொல்லு. மத்ததுக்கு எனக்குத் தெரியாதுன்னுரு புள்ள. கேள்வி மேல கேள்வி கேட்டுக் குழப்புவான். ஒலியோட ஆளுங்க யாராச்சும் போய் டாக்டரப் பாத்திருப்பானுங்க.”

ஆமினாவும் அப்படித்தான் நினைத்தாள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். டாக்டரிடம் உதவியாளராக வேலை பார்த்த டிரெசர் சுப்பிரமணியம் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். அவர்தான் டாக்டருக்குத் தமிழ் சொல்பவர். வந்தவள் பயந்துபோயிருக்கிறாள் என்று நினைத்து ஆறுதலாகப் பேசினார்.

“ஒண்ணும் பயப்படாதீங்கம்மா. முந்தாநாள்தான் மேட்டுலேருந்து கீழ்த்தாடையும் கிடைச்சுது. அதைப் பத்திக் கேக்கத்தான் கூப்பிட்டிருக்காரு. நல்ல உறுதியான பல்லு. வரிசையில ஒண்ணுகூடக் குறையல.”

ஆமினா தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். அதன் பிறகுதான் அவர் சொன்னது அவளுக்குள் இறங்கியது.

ஒன்றுகூடக் குறையவில்லையா?

நெய்னாவுக்குக் கீழே வலது பக்கம் கடைவாய்ப்பல் இரண்டு கிடையாது. தங்கம் வைத்த அதே சீன வைத்தியர் பிடுங்கியது. கன்னம் வீங்கி, கஞ்சியைத் தவிர வேறு எதுவும் இறங்காமல் அவர் படுத்துக் கிடந்தபோது, அவள்தான் உப்புத் தண்ணீர் காய்ச்சிக் கொப்பளிக்கக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவர் எதைத் தின்றாலும் இடது பக்கம்தான் மெல்லுவார். இந்த டிரெசர் தெரியாமல் பேசுகிறார் என்று முதலில் நினைத்தாள். பிறகு, என்னை ஆழம் பார்க்கிறாரோ என்று நினைத்தாள். ஒலியின் ஆட்கள் இவரையும் பார்த்திருப்பார்களோ என்றும் தோன்றியது.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் நரைத்த தலை, மெதுவான பேச்சு. அவருக்கு முன்னால் மேசையில் வெள்ளைத் துணியால் மூடிய தட்டு ஒன்று இருந்தது. அவர் பேசப் பேச சுப்பிரமணியம் தமிழில் சொன்னார்.

“தங்கப் பல்லைப் பத்திச் சொல்ல வேணாமாம். இந்த ஊர்ல எத்தனையோ பேர் வச்சிருக்காங்க. மத்தப் பல்லைப் பத்திச் சொல்லணுமாம்.”

“பொம்பளைக்கு என்ன தெரியும்? வாரு அவரோடதுதான்னு சொல்லியாச்சே” என்றார் சேக் தாவூது.

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, வெளியே இருக்கச் சொன்னார். அண்ணன் போகும்போது ஆமினாவைப் பார்த்த பார்வையில், ரிக்ஷாவில் சொன்னதெல்லாம் திரும்ப இருந்தது.

“உங்க வீட்டுக்காரருக்குத் தங்கம் எதுக்கு வச்சாங்க?” என்று கேட்டார் சுப்பிரமணியம்.

“சொத்தை. பாதி ஒடிஞ்சு கறுத்துப் போச்சு.”

டாக்டரும் டிரெசரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏன் பார்த்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

“பல்லு ஏதாச்சும் பிடுங்கியிருக்கா?”

ஆமினா தட்டின் மேல் மூடியிருந்த துணியையே பார்த்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒலியின் கதை முடிந்துவிடும். வெள்ளைத் துணியோடு வீட்டுக்குப் போய் மறுபடி உட்காரலாம். நாளைக்கு மையத்தைக் கொடுத்துவிடுவார்கள். பிடுங்கியிருக்கிறது என்று சொன்னால் ஒலி சொன்ன கதை உண்மையாகிவிடும். மூவாரில் ஒருத்தி இருப்பதும் உண்மையாகிவிடும்.

“அதைப் பாத்துட்டுச் சொல்லட்டுமா?” என்றாள்.

டாக்டர் தலையை அசைத்து மறுத்தார். முதலில் பதில், பிறகுதான் பார்க்கலாம் என்றார். அவருக்கு அவள்மேல் சந்தேகம் என்பது அவளுக்குப் புரிந்தது. பார்த்துவிட்டால் கண்டதற்கு ஏற்பச் சொல்லிவிடுவாளோ என்ற சந்தேகம்.

இல்லை என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். அப்போது ஒரு எண்ணம் குறுக்கே வந்தது. இவர் நெய்னா இல்லையென்றால், இந்தத் துணிக்கடியில் கிடப்பது யார்? யாரோ ஒருவருக்கு யாசீன் ஓதிக்கொண்டு, யாருடைய கபுரிலோ நெய்னா பேரைச் சொல்லிக்கொண்டு, நான் சாகும்வரை இருக்கப் போகிறேனா? அந்த மனுஷனுக்கும் ஒரு பேர் இருந்திருக்குமே.

“கீழே, வலது பக்கம். கடைவாயில ரெண்டு பல்லு பிடுங்கியாச்சு. ரொம்ப வருஷத்துக்கு முந்தி” என்றாள்.

டாக்டர் எழுதிக்கொண்டார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. பிறகு துணியை விலக்கினார்.

தாடையின் வலது பக்கத்தில் எல்லாப் பற்களும் இருந்தன. வெற்றிலைக் காவி ஏறிய, தேய்ந்த, உறுதியான பற்கள். டாக்டர் பென்சில் முனையால் அவற்றைத் தொட்டுக் காட்டிப் பேசினார். சுப்பிரமணியம் சொன்னார்: “செத்தவருக்கு ஒரு பல்லு இல்லைன்னா, நீங்க பாத்ததுக்கு அப்புறம் விழுந்திருக்கலாம். ஆனா வளந்த ஆளுக்குப் பிடுங்கின பல்லு மறுபடி முளைக்காதும்மா. இன்னொண்ணும் சொல்றாரு. அந்தத் தங்கத்தை நேத்துக் கழட்டிப் பாத்தாராம். உள்ள நல்ல பல்லு இருக்கு. சொத்தையே இல்ல. இது உங்க வீட்டுக்காரர் இல்ல.”

ஆமினா அதைக் கேட்டாளோ இல்லையோ, அவள் கண் வேறு இடத்தில் நின்றுவிட்டது. கீழ்வரிசையின் முன்பற்கள் இரண்டு சேரும் இடத்தில் ஒரு பள்ளம். அரத்தால் ராவி எடுத்ததுபோல வழவழப்பாக இருந்தது.

மூக்கணாங்கயிறு திரிக்கும்போது ஒரு நுனியைப் பல்லில் கடித்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் முறுக்கி இழுப்பான். பின்வாசலில் உட்கார்ந்து மணிக்கணக்காக அதைச் செய்வான். ஏம்பா, பல்லு தேஞ்சு போவுது பாரு என்று அவள் திட்டுவாள். “மாட்டுக்குத்தான் லாத்தா பல்லு பாத்து வெல சொல்லுவாங்க, எனக்கு எதுக்கு?” என்று சிரிப்பான். ஆட்டெலும்பைப் போட்டால் மிச்சம் வைக்காமல் கடித்துத் தின்பான்.

“அஸ்மத்” என்றாள். “இது அஸ்மத்.”

நல்ல பல்லின் மேல் போட்ட தங்கமும் அப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது. எல்லாம் ஒரே நேரத்தில் வந்தது.

டாக்டர் அதை உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. முதலில் புருஷன் என்றவள் இப்போது வேறொருவன் என்கிறாள், இதை எப்படி நம்புவது என்று நேராகவே கேட்டார். அஸ்மத்தோடு மாடு ஓட்டிய மற்ற ஆட்கள் யார் யார் என்று விசாரித்துக்கொண்டார். மறுநாள் அவர்களைத் தனித்தனியாக வரவழைத்து, எதையும் காட்டாமல், அஸ்மத்தின் வாய் எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்டாராம். அவர்களும் கயிறு தேய்த்த பள்ளத்தைத்தான் சொன்னார்கள். அந்தச் சீனப் பல் வைத்தியரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். மாடு ஓட்டுகிறவன் ஒருவன் நல்ல பல்லுக்குத் தங்கம் போடச் சொல்லி அடம் பிடித்தது அவருக்கும் நினைவிருந்தது.

அன்று திரும்பி வரும்போது சேக் தாவூது ரிக்ஷாவிலேயே சண்டை பிடித்தார்.

“என்ன காரியம் பண்ணிட்ட புள்ள! அவன் உசுரோட இருக்கான்னு நீயே சொல்லிட்டு வந்திருக்கியே? செத்துட்டான்னா ஊரு உன்ன மதிக்கும். விட்டுட்டு ஓடிட்டான்னா?”

“நானா, நான் இத்தன நாளா அஸ்மத்துக்கு இத்தா இருந்துக்கிட்டிருக்கேன்” என்றாள் ஆமினா. “அது உங்களுக்குக் கேவலமாத் தெரியலையா?”

வீட்டுக்குப் போனதும் அவள் வெள்ளையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டுப் பழைய கைலியைக் கட்டிக்கொண்டாள்.

தெருவில் பேச்சு மாறியது. தூக்கில் தொங்க வேண்டியவனை இவள் ஏன் காப்பாற்றுகிறாள்? போலீசில் ஒன்று, ஆஸ்பத்திரியில் இன்னொன்று சொன்னாளே, இடையில் யார் வந்து பார்த்தார்கள்? ஒலிக்கும் இவளுக்கும் முன்னாலிருந்தே ஏதோ இருந்திருக்குமோ? தலை கிடைத்தது என்று சொன்ன உடனே தங்கப் பல் இருக்கிறதா என்று கேட்டவளாயிற்றே! கையைப் பிடித்து அழுத பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மிளகாய் அரைக்கக் கொடுத்து அனுப்பிய வீடுகள் பல நின்றுபோயின. அம்மிக்கு வேலையில்லாமல் அவள் உட்கார்ந்திருந்த பகல்கள் அந்த மாதத்தில் நிறைய.

இன்ஸ்பெக்டருக்கு வேறு சந்தேகம். செத்தவன் இடுப்பில் நெய்னாவின் வார் இருந்தது, நெய்னாவோ தலைமறைவு. அப்படியானால் கொன்றவர் நெய்னாவாக இருக்கலாம். ஒலியை ஒரு போலீஸ்காரரோடு மூவாருக்கு அனுப்பினார்கள். ஊருக்கு வெளியே, ஆற்றங்கரைக் கம்போங் ஒன்றில், எல்லாரும் ‘பாவா’ என்று கூப்பிடுகிற ஒரு மனிதரை ஒலி காட்டிக் கொடுத்தார். அவருடைய சொந்தப் பேர் அங்கே யாருக்கும் தெரியாது. தந்திக்கு ஏன் அப்படிப் பதில் வந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

மரண விசாரணை நடந்த நாளில் ஆமினா அவரைப் பார்த்தாள். கொஞ்சம் பருத்திருந்தார். மலாய்ச் சட்டையும் சாரோங்கும் போட்டிருந்தார். சாட்சிக் கூண்டில் நின்று, அந்த வாரைத் தான்தான் அஸ்மத்துக்குக் கொடுத்ததாகவும், ரொம்ப நாளாக அவன் அதைக் கேட்டுக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். அஸ்மத் மந்தையோடு சிங்கப்பூர் வந்து சேர்ந்த அன்று நெய்னா மூவாரில் தன் மாமனார் வீட்டில் இருந்ததற்கு அங்கிருந்து வந்த இரண்டு பேர் சாட்சி சொன்னார்கள். சூளையில் காவலுக்கு இருந்தவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் கிளிஞ்சல் மேடு சரிந்து விழுந்ததாகவும், அதை அப்படியே விட்டு மேலே மேலே கொட்டியதாகவும் அவர் சொன்னார். ஆள் யாரும் காணோம் என்று யாரும் தேடி வராததால் அடியில் பார்க்கத் தோன்றவில்லையாம். மந்தையோடு நடந்து வந்த களைப்பில் அஸ்மத் மேட்டோரம் படுத்திருக்கலாம். எலும்பில் வெட்டோ அடியோ இல்லை என்றார் டாக்டர். பெரும்பாலும் விபத்து, நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று நீதிபதி எழுதினார். அந்த ‘நிச்சயமாகச் சொல்ல முடியாது’ என்பதைப் பிடித்துக்கொண்டு சிராங்கூன் ரோடு இன்னும் பல வருஷம் பேசியது.

வெளியே வந்ததும் நெய்னா அவளிடம் வந்தார்.

“ஆமினா, நான் சொல்றத ஒரு நிமிஷம் கேளு.”

“நான் ஒண்ணு கேக்குறேன், அதுக்குப் பதில் சொல்லுங்க. அஸ்மத் ஏன் மூவாருக்குத் திரும்பி வரலன்னு ஒரு நாளாச்சும் யாரையாச்சும் கேட்டீங்களா?”

“ஊருக்குப் போயிருப்பான்னு நெனச்சேன்.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன்” என்றாள் ஆமினா. அதற்கு மேல் அவரிடம் பேச அவளுக்கு எதுவும் இருக்கவில்லை. காஜியார் முன்னிலையில் தலாக் ஆயிற்று. நெய்னா முகம்மது மூவாருக்கே போய்ச் சேர்ந்தார்.

அஸ்மத்தின் மையத்தை யாரிடம் கொடுப்பது என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது யாரும் முன்வரவில்லை. ஆமினா சேக் தாவூதை அனுப்பினாள். என்ன நினைத்தாரோ, அண்ணன் மறுக்காமல் போனார். தன் கடைத் துணியையே கஃபனுக்கு எடுத்துக் கொடுத்தார். விக்டோரியா தெருப் பக்கத்து மையவாடியில் அடக்கம் செய்தார்கள். ஜனாஸாத் தொழுகையில் கடைசி வரிசையில் ஒலி முகம்மது நின்றதாக அண்ணன் வந்து சொன்னார்.

சில வாரம் கழித்து ஒரு பகலில் ஒலி அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. இந்தத் தடவை கீழே பார்க்கவுமில்லை.

“ஒண்ணு கேக்கணும் லாத்தா. அந்த ரெண்டு பல்லும் இல்லைன்னு உங்களுக்கு மொதல்லேருந்தே தெரியும். போலீஸ்லயே சொல்லியிருந்தா என்ன? வேணும்னேதான் சொல்லலையா?”

“மேல்தலைதானே காட்டுனாங்க தம்பி. தங்கத்தையும் என் தையலையும் பாத்தேன். வேற எதுவும் எனக்குத் தோணல.” பிறகு அவளும் கேட்டாள்: “நீங்க மூவார் சங்கதிய மொத நாளே என்கிட்ட சொல்லியிருக்கலாமே? நீங்களும் கூட இருந்துதானே அந்த நிக்காஹ் பண்ணி வச்சீங்க?”

“சத்தியம் பண்ணிட்டேன் லாத்தா, அதான் சொல்லல. நிக்காஹ் நான் பண்ணி வைக்கல.”

இருவரும் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் அவள் சொன்னதை முழுக்க நம்பியதாகத் தெரியவில்லை. அவளும் அவர் சொன்னதை முழுக்க நம்பவில்லை. அதே வட்டாரத்தில் இருவரும் கடைசிவரை இருந்தார்கள். எதிரில் வந்தால் சலாம் சொல்லிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

அரைக்கக் கொடுத்த வீடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ருசி வேறு எங்கும் சரியாக அமையவில்லை என்பது காரணமே தவிர, சந்தேகம் தீர்ந்துபோய் அல்ல. ஆமினா மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரிலிருந்து கப்பல் வந்தால் அதில் வந்தவர்களிடம் அதிராம்பட்டினம் பக்கத்து ஆள் யாரும் உண்டா என்று விசாரிப்பாள். அஸ்மத் அந்தப் பக்கம் என்று மட்டும் ஒரு தடவை சொல்லியிருந்தான். சேதி எப்படியோ போய்ச் சேர்ந்திருக்கிறது. பெரிய யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம் ஒரு மனிதர் அவள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். அஸ்மத்தின் தங்கச்சி மாப்பிள்ளை என்று சொல்லிக்கொண்டார்.

அவள் கொடுத்த தேத்தண்ணீரை அவர் குடிக்கவில்லை. “நீங்க அவனுக்கு என்ன முறை?” என்று கேட்டார்.

“முறை ஒண்ணும் இல்ல. இங்க சாப்பிடுவாரு.”

“முறையில்லாத பொம்பளை எதுக்கு எடுத்து அடக்கணும்? அவன் சாமான் ஏதாச்சும் உங்ககிட்ட இருக்கா?”

“ஒண்ணும் இல்ல.”

“முகம்கூட இல்லாம வெறும் எலும்பாக் கிடந்தானாம். அவன்தான்னு நீங்க எப்படிச் சொன்னீங்க?”

ஆமினா கோபப்படவில்லை. அவர் இடத்தில் தான் இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்போம் என்று நினைத்தாள். கயிறு திரித்ததையும், முன்பற்களின் பள்ளத்தையும், நல்ல பல்லின் மேல் தங்கம் போட்டுக்கொண்டதையும் நிதானமாகச் சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார். நம்பினேன் என்றும் சொல்லவில்லை, நம்பவில்லை என்றும் சொல்லவில்லை. கபுர் எங்கே என்று மட்டும் கேட்டார்.

சேக் தாவூது அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். வெகு நேரம் அங்கே உட்கார்ந்து ஓதிவிட்டு, அப்படியே துறைமுகத்துக்குப் போய்விட்டாராம். ஆமினா வீட்டுப் பக்கம் அவர் திரும்பி வரவில்லை.

“என்ன நானா சொன்னாரு?” என்று ஆமினா கேட்டாள்.

“ஒண்ணும் சொல்லல” என்றார் சேக் தாவூது. “போகும்போது தலைமாட்டுல கல்லு ஒண்ணு நட்டு, அவன் வாப்பா பேரையும் சேத்து எழுதச் சொன்னாரு. காதர் மஸ்தானாம்.”